நடைப்பயிற்சியில் திடீரென ஓர் அபூர்வப் பறவை கண்ணில் பட்டால்: முழுமையான வழிகாட்டி

அக்டோபர் இரண்டாவது வாரம், முதல் நாள் இரவு நல்ல மழை. காலை ஆறு மணி தாண்டியிருக்கும், எங்கள் ஏரியா பூங்காவில் நான்காவது சுற்று போய்க்கொண்டிருந்தேன். சென்னையில் அடையாறு பக்கம் இருக்கிற சின்னப் பூங்காதான். சுவரோரமாக நாலைந்து தூங்குமூஞ்சி மரங்கள், அதன் அடியில் பெருக்கிக் குவித்த சருகு. அந்தக் குவியலுக்குள் ஏதோ அசைந்தது. எலியாக இருக்கும் என்று கடக்கப் போனேன். சருகை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு வெளியே குதித்தது ஒரு பறவை. முதுகு பச்சை, தோளில் பளபளவென்று ஒரு துண்டு நீலம், வயிறு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமத்தை அப்பினாற்போல் சிவப்பு, கண்ணின் குறுக்கே பட்டையாக மை. வால் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற அளவுக்குக் குட்டை.

பன்னிரண்டு வருடமாக அந்தப் பாதையில் நடக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உடனே கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது. போனை எடுத்து, திரையைத் திறந்து, கேமராவைத் தேடி, பெரிதாக்கி நிமிர்ந்தால் பறவை இல்லை. வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தேன், பழுப்பாக மங்கலாக ஒரு புள்ளி. அதைவிட வருத்தம் வேறு. தொண்டை வெள்ளையா மஞ்சளா, கால் என்ன நிறம், தத்தியதா நடந்ததா என்று யோசித்துப் பார்த்தால் எதுவும் உறுதியாக நினைவில்லை. பத்து வினாடி எதிரில் நின்ற பறவையை நான் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், பறவை பார்க்கிறவர்களோடு நடந்தேன், நானே தப்பும் சரியுமாகக் கற்றுக்கொண்டேன். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் எல்லாருக்கும் என்றாவது ஒருநாள் இது நடக்கும். அப்போது என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நிற்கும் விதம்

நில்லுங்கள் என்பது சரி, ஆனால் பிரேக் போட்ட மாதிரி நிற்காதீர்கள். பூங்காவில் இருக்கிற பறவைகளுக்கு, ஒரே வேகத்தில் கடந்து போகிற மனிதர்கள் பழக்கம். சட்டென்று நின்று நேருக்கு நேர் உற்றுப் பார்க்கிற ஆளைத்தான் பிடிக்காது, ஏனென்றால் பூனையும் வல்லூறும் அப்படித்தான் பார்க்கும். நாலைந்து அடியில் வேகத்தைக் குறைத்து, உடம்பைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். கையை நீட்டிக் காட்டாதீர்கள். கூட வருகிறவரிடம் சொல்ல வேண்டும் என்றால் மெல்லிய குரலில் "இடது பக்கம், சருகு மேல" என்று சொன்னால் போதும். ஓடுகிறவர்கள் நின்றதும் மூச்சு வாங்கும், உடம்பு ஆடும், அதனால் ஒரு மரத்தில் தோளைச் சாய்த்துக்கொள்வது நல்லது. ஓட்டத்தின் நடுவில் நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்கிற கவலை வேண்டாம், இரண்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. காதில் பாட்டு ஓடினால் கழற்றிவிடுங்கள்.

நாயோடு நடக்கிறவர் என்றால் கயிற்றைச் சுருட்டிப் பிடியுங்கள். தரையில் இரை தேடும் பறவைக்கு நாய்தான் முதல் பயம்.

2. முதல் ஒரு நிமிடம் கண்ணுக்கு மட்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். போனைத் தொடாமல் ஒரு நிமிடம். பறவை பறந்துவிடும் என்றால் போன் எடுத்தாலும் பறந்துவிடும். அந்தப் பத்து வினாடியில் கண்ணால் பார்த்தது உங்களோடு வரும், மங்கிய படம் வராது.

என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டால் தடுமாற மாட்டீர்கள். முதலில் அளவு. சென்டிமீட்டரில் யோசிக்காதீர்கள், தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள்: சிட்டுக்குருவி, மைனா, காகம். இந்த மூன்றும் நமக்கு அளவுகோல். நான் பார்த்தது சிட்டைவிடப் பெரியது, மைனாவைவிடச் சின்னது. அப்புறம் உருவம்: வால் நீளமா குட்டையா, கால் உயரமா, அலகு ஊசியா கொக்கியா கூம்பா. மூன்றாவது, அது என்ன செய்கிறது. நிறத்தைவிட இதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். வெளிச்சம் குறைந்தால் பச்சை கறுப்பாகத் தெரியும், நீலம் காணாமல் போகும், ஆனால் நடக்கிற விதம் மாறாது. தத்துகிறதா, ஓடுகிறதா? சருகைக் காலால் கிளறுகிறதா, அலகால் புரட்டுகிறதா? வால் மேலும் கீழும் ஆடுகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா? நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வருகிற கொடிக்கால் வாலாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழும் அடிக்கும்போது இது மட்டும் பக்கவாட்டில் அசைக்கும். வாலைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

கடைசியாக நிறம், தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே ஓட்டமாக: உச்சி, புருவம், கண், தொண்டை, மார்பு, முதுகு, இறக்கை, வயிறு, அடிவயிறு, வால், கால். இதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பாருங்கள். "உச்சியில கறுப்புக் கோடு, தொண்டை வெள்ளை, தோள் நீலம்" என்று முணுமுணுத்தது ஒருநாள் கழித்தும் நினைவில் இருக்கும், சும்மா பார்த்தது இருக்காது. எனக்கு நல்ல வேளை, மறுநாள் காலையும் அதே சருகுக் குவியலில் அந்தப் பறவை இருந்தது. இந்த முறை போனைத் தொடவில்லை. மூன்று தத்து, ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்துத் தரையைக் கேட்பது போல் ஒரு கணம், சட்டென்று ஒரு இலையைத் திருப்பி மண்புழுவை இழுத்தது. புழு நீண்டது, பறவை பின்னால் சாய்ந்தது, புழு விட்டுக்கொடுத்தது. குட்டை வால் மெதுவாக மேலே போய் மெதுவாகக் கீழே வந்தது.

3. காது

பல நேரம் பறவை தெரியாது, குரல் மட்டும் கேட்கும். போனில் ஒலிப்பதிவை ஓட விட்டு, மைக் இருக்கிற பக்கத்தைச் சத்தம் வருகிற திசைக்குத் திருப்பிப் பிடியுங்கள், முப்பது வினாடி போதும். அந்த நேரம் பேசாமல், காலை அசைக்காமல் நில்லுங்கள். பதிவு முடிகிறபோது நீங்களே உங்கள் குரலில் இடம், நேரம், பார்த்த அடையாளம் எல்லாம் சொல்லிவிடுங்கள். வேர்த்த கையோடு எழுத முடியாது, பேச முடியும்.

பார்க்கப்போனால் நான் பார்த்த பறவைக்குப் பெயரே குரலால் வந்ததுதான். ஆறுமணிக்குருவி. விடிகிற நேரமும் அந்தி நேரமும், இரண்டு சுரத்தில், முதல் சுரம் மேலே ஏறி அடுத்தது இறங்குகிற மாதிரி ஒரு விசில். கூப்பிடும்போது தலையைப் பின்னுக்குச் சாய்த்து அலகை வானத்துக்கு நீட்டும். சில ஊர்களில் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள்.

ஒரு விஷயம் கண்டிப்பாக: போனில் அந்தப் பறவையின் குரலைப் போட்டு அதைக் கூப்பிடாதீர்கள். இன்னொரு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். நெடுந்தூரம் பறந்து களைத்து இறங்கியிருக்கிற பறவைக்கு இது பெரிய தொந்தரவு. குரலை ஒப்பிட வேண்டும் என்றால் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

4. இப்போது போன்

ஒரு நிமிடம் பார்த்தாகிவிட்டது, பறவை இன்னும் இருக்கிறது, சரி, எடுங்கள். ப்ளாஷையும் கிளிக் சத்தத்தையும் முன்பே நிறுத்தி வைத்திருங்கள், அது ஒருமுறை செய்கிற வேலை. படத்தைவிட வீடியோ எடுப்பது என் அனுபவத்தில் நல்லது. படம் ஒரு நொடியைப் பிடிக்கும், அந்த நொடியில் பறவை இலைக்குப் பின்னால் இருக்கும். வீடியோவில் தத்துவது, வால் ஆட்டுவது எல்லாம் வரும், அப்புறம் நல்ல காட்சியை நிறுத்தித் தனிப் படமாக எடுத்துக்கொள்ளலாம். முழுதாகப் பெரிதாக்காதீர்கள், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பாதி அளவுக்குப் பெரிதாக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள்.

கிட்டே போகாதீர்கள். பறவை இரை தேடுவதை நிறுத்தி, உடம்பை ஒட்டி நிமிர்ந்து, உங்களைப் பார்த்தபடி நின்றுவிட்டால் நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் வாருங்கள், மறுபடி இரை தேட ஆரம்பிக்கும். தினமும் இதில் ஈடுபாடு வந்துவிட்டது என்றால் பின்னால் ஒரு பைனாகுலர் வாங்கிக்கொள்ளலாம். 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு நெருக்கிக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் விட்டம். நடக்கிறவர்கள் கழுத்தில் தொங்கவிட 8x30 அல்லது 8x32 இலகுவாக இருக்கும். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று போக வேண்டாம், நடந்து நின்ற கையில் படம் ஆடும்.

5. பெயர் தேடுவதற்கு முன்னால் எழுதுங்கள்

இது எல்லாரும் தவறவிடுகிற இடம். ஆப்பைத் திறந்து நாலு படம் பார்த்தவுடனே, நாம் பார்த்த பறவை அந்தப் படத்தின் மாதிரி மாறிவிடும். மனசு அப்படித்தான். பார்க்காத வெள்ளைப் புருவத்தைக்கூடப் பார்த்தேன் என்று சத்தியம் செய்வோம். அதனால் பூங்கா பெஞ்சிலேயே உட்கார்ந்து நாலு வரி எழுதிவிடுங்கள். நான் இரண்டாம் நாள் எழுதியது இது:

"காலை 6.10. சுவரோரம் மூன்றாவது மரம். ஈரச் சருகு. சிட்டு–மைனா நடுவில் அளவு. தத்துகிறது, நடக்கவில்லை. வால் மிகக் குட்டை, மெதுவாக மேல் கீழ். தொண்டை வெள்ளை, கண்பட்டை கறுப்பு, மேலே வெள்ளைப் புருவம். முதுகு பச்சை, தோள் நீலம். அடிவயிறு சிவப்பு. கால் வெளிர் ரோஜா. சத்தம் இல்லை. இரண்டு காகம் கிளையிலிருந்து கவனிக்கிறது. ஏழு நிமிடம் பார்த்தேன்."

தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

6. பெயரைக் கண்டுபிடிப்பது

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிட்ட மெர்லின் என்கிற இலவச ஆப் இருக்கிறது. இடம், தேதி, அளவு, முக்கிய நிறங்கள், என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டு, அந்தப் பருவத்தில் அந்த ஊரில் பார்க்கக்கூடிய பறவைகளைப் பட்டியல் போடும். படத்தையும் குரலையும் வைத்தும் சொல்லும். நல்ல உதவி, ஆனால் முதலில் வந்த பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்கள் எழுதின நாலு வரியோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒரு அடையாளம் இடித்தாலும் அடுத்த பறவையைப் பாருங்கள்.

ஆறுமணிக்குருவியோடு குழம்பக்கூடியவை நம் ஊரில் குறைவு. நீலத்தைப் பார்த்துவிட்டு வெண்மார்பு மீன்கொத்தி என்று பலர் சொல்வார்கள், ஆனால் மீன்கொத்தி மின்கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து பாயும், சருகில் தத்தித் திரியாது, அலகும் நீளமாகத் தடியாக இருக்கும். செந்தலைப் பூங்குருவி சருகில் இரை தேடும், குளிர்காலத்தில் சென்னைப் பக்கமும் வரும், ஆனால் அதன் தலையும் மார்பும் ஆரஞ்சு, முதுகு நீலச் சாம்பல், வால் சாதாரண நீளம்.

இந்தப் பறவையின் கதையைத் தெரிந்துகொண்டால் ஏன் அது பூங்காவுக்கு வந்தது என்பதும் புரியும். இமயமலை அடிவாரத்திலிருந்து மத்திய இந்தியா வரைக்கும் உள்ள காடுகளில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். மழை முடிந்ததும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும். இந்தியில் இதற்கு நவரங், ஒன்பது நிறம். ஆங்கிலத்தில் பிட்டா என்கிறார்களே, அது தெலுங்குச் சொல், சின்னப் பறவைக்குத் தெலுங்கில் பிட்ட. 1766-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது காக்கை இனத்தில் சேர்த்துவிட்டார், அப்புறம்தான் தனி இனமானது. எடை அறுபது கிராம் அளவுதான். அந்த எடையை வைத்துக்கொண்டு இரவில் பறந்து, நகரத்து வெளிச்சத்தில் திசை தடுமாறி, கண்ணாடிச் சுவரில் மோதி, விடிகிற நேரம் காகங்கள் துரத்த எங்கேயாவது மரத்தடியில் இறங்குகிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் நவம்பரிலும் சென்னையில் யாராவது ஒருவர் வீட்டு பால்கனியிலோ மாடிப்படியிலோ இப்படி ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

7. அது ஓய்வெடுக்கிறதா, அடிபட்டிருக்கிறதா

தத்துகிறது, இரை தேடுகிறது, நெருங்கினால் விலகுகிறது என்றால் அதற்கு உங்கள் உதவி தேவையில்லை. தூரத்தில் நின்று காகத்தையும் பூனையையும் கொஞ்ச நேரம் தள்ளி வைத்தால் அதுவே பெரிய உதவி.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. திறந்த வெளியில் கண்ணை மூடிக்கொண்டு உப்பலாக உட்கார்ந்திருப்பது, ஒரு இறக்கை தொங்குவது, நீங்கள் ஓரடிக்குள் போயும் அசையாமல் இருப்பது, ரத்தம், தலை ஒருபக்கம் சாய்ந்திருப்பது. அப்படி இருந்தால் ஒரு அட்டைப்பெட்டி தேடுங்கள், செருப்புப் பெட்டி போதும். பறவையை வைப்பதற்கு முன்னாலேயே பக்கங்களில் ஏழெட்டு ஓட்டை போட்டுவிடுங்கள். அடியில் ஒரு பருத்தித் துணி, வழுக்காமல் இருக்க. கையில் ஒரு மெல்லிய துண்டோ டி-சர்ட்டோ எடுத்து, பறவையின் மேல் தலையோடு சேர்த்து மெதுவாகப் போட்டு, இறக்கை உடம்போடு ஒட்டியிருக்கும்படி இரண்டு கையாலும் அணைத்து எடுங்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள். பறவை மூச்சுவிட மார்பு விரிந்து சுருங்க வேண்டும், இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். பெட்டியில் வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். ஏசியும் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். எவ்வளவு பாசமாக இருந்தாலும் அலகைத் திறந்து ஊற்றாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பால், சோறு, பிரெட், பிஸ்கட் எதுவும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பது, குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவது, தடவிக் கொடுப்பது எல்லாம் நமக்கு அன்பு, அதற்கு மரண பயம்.

கண்ணாடியில் மோதி மயங்கின பறவை பல நேரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும், பெட்டிக்குள் பரபரவென்று சத்தம் கேட்கும். அப்போது பெட்டியை மரமும் புதரும் இருக்கிற இடத்துக்கு எடுத்துப் போய்த் தரையில் வைத்துத் திறந்துவிட்டுப் பின்னால் வந்துவிடுங்கள். காற்றில் தூக்கிப் போடாதீர்கள். காகங்கள் சுறுசுறுப்பாக இருக்கிற நேரமாக இருந்தால் கொஞ்சம் காத்திருந்து விடலாம். தெளியவில்லை, இறக்கை தொங்குகிறது என்றால் மாவட்ட வன அலுவலகத்துக்கோ, சென்னையில் ப்ளூ கிராஸ் மாதிரி விலங்கு நல அமைப்புக்கோ சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் வீட்டில் வைத்துத் தேற்றலாம் என்று நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடித்து வைத்திருப்பது குற்றம், பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும்.

குஞ்சு விஷயம் தனி. மார்ச்சிலிருந்து ஜூலை வரைக்கும் நடைபாதையில் மைனாக் குஞ்சு, காக்கைக் குஞ்சு, சின்னான் குஞ்சு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருந்தால் அது பறக்கப் பழகுகிறது, பெற்றோர் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். சைக்கிள் வருகிற பாதை என்றால் எடுத்துப் பக்கத்துச் செடியிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு நகருங்கள். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்று சொல்வது உண்மை இல்லை.

ஏரிக்கரையில் நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு தாழப் பறந்தால், அது உங்களைத் தாக்க வரவில்லை, காலடியில் எங்கேயோ முட்டை இருக்கிறது. வெறும் தரையில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக மூன்று நான்கு முட்டை இடும், கண்ணுக்கே தெரியாது. தேடாதீர்கள், நடந்து வந்த வழியிலேயே திரும்பிப் போங்கள்.

8. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது

இரண்டாம் நாள் வீடியோவை எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டேன், எந்த மரம், எத்தனை மணி என்பது உட்பட. சந்தோஷத்தில் செய்தது. மூன்றாம் நாள் காலை மரத்தடியில் ஒன்பது பேர். ஒருவர் அது வெளியே வரட்டும் என்று சருகின் மேல் கல் எறிந்தார். பறவை சுவர் தாண்டிப் பறந்தது, அதன் பின்னால் நாலு காகம். அதற்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் இப்போது என் வழக்கம் இது: பறவை இருக்கிற வரைக்கும் இடம் சொல்வதில்லை, போன பிறகு சொல்கிறேன். ஆந்தை, கூகை, கூடு கட்டியிருக்கிற எந்தப் பறவை என்றாலும் பிறகும் சொல்வதில்லை. ஆந்தை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும், மூடநம்பிக்கையால் அதைப் பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பகிரும்போது போன் அதோடு இடக்குறிப்பையும் அனுப்பலாம், அமைப்பில் அதை நிறுத்திவிட்டு அனுப்புங்கள்.

9. பதிவு செய்வது

பார்த்ததை நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி சேர்க்க வேண்டும் என்றால் ஈபேர்ட் என்கிற தளம் இருக்கிறது. 2002-இல் தொடங்கியது, இலவசம், உலகம் முழுக்கப் பறவை பார்க்கிறவர்கள் இதில்தான் பதிகிறார்கள். பறவை பார்ப்பதற்காகப் போகாமல் நடக்கப் போன இடத்தில் ஒன்றைப் பார்த்தீர்கள் என்றால், பட்டியல் வகையில் தற்செயல் என்பதைத் தேர்வு செய்து, இடம், தேதி, நேரம், எண்ணிக்கை கொடுத்தால் முடிந்தது. அந்த ஊருக்கு அபூர்வம் என்றால் குறிப்பு கேட்கும், அங்கே உங்கள் நாலு வரியை அப்படியே எழுதுங்கள். பின்னால் ஒருவர் மின்னஞ்சலில் விவரம் கேட்கலாம், அது சந்தேகப்பட்டுக் கேட்பது இல்லை, எல்லா அபூர்வப் பதிவையும் அப்படித்தான் சரிபார்க்கிறார்கள். எப்படி அடையாளம் கண்டீர்கள், வேறு எந்தப் பறவையாக இருக்க முடியாது, ஏன் என்று எழுதினால் போதும்.

ஆனால் உண்மையில் அதிகம் பயன்படுவது சாதாரண நாளின் பட்டியல்தான். வாரத்தில் ஒருநாள், நடை முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எண்ணிப் போடுங்கள், காகம் பன்னிரண்டு, மைனா ஆறு, தவிட்டுக்குருவி எட்டு என்று. ஆறுமணிக்குருவி ஒரு பூங்காவுக்கு எந்த வாரம் வந்தது என்பதைச் சொல்ல, அதற்கு முந்தின வாரங்களில் அது இல்லை என்று யாராவது பதிந்திருக்க வேண்டும் அல்லவா? பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே பதினைந்து நிமிடக் கணக்குதான், ஆரம்பிக்க நல்ல நேரம்.

10. எந்த மாதம் எதை எதிர்பார்க்கலாம்

செப்டம்பரில் தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார ஆரம்பிக்கும். அக்டோபர், நவம்பர் ஆறுமணிக்குருவிக்கும், வெள்ளை ரிப்பன் மாதிரி நீண்ட வாலோடு வருகிற அரசவால் ஈப்பிடிப்பானுக்கும் நல்ல மாதங்கள், மழை பெய்த மறுநாள் காலை இன்னும் நல்லது. குளிர்காலம் முழுக்க மாங்குயிலையும் நீலவால் பஞ்சுருட்டானையும் கவனியுங்கள். மார்ச், ஏப்ரலில் வந்தவை எல்லாம் வடக்கே திரும்பும், அப்போதும் ஒன்றிரண்டு நாள் பூங்காவில் தங்கிப் போகும்.

11. சருகு

இது நான் கடைசியாகத் தெரிந்துகொண்டது. அந்த மூன்றாம் நாள் எல்லாரும் போனபிறகு, பூங்கா பெருக்குகிற அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "நாலு நாளா பாக்குறேன் சார், பச்சையா ஒண்ணு இந்தக் குப்பைலதான் கெடந்துச்சு. நான் இதைக் கூட்டாம விட்டேன், அதான் வந்துச்சு" என்றார். எனக்கு முன்னாலேயே அவர் பார்த்திருக்கிறார், யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அவர் சொன்னது சரி. மண்புழுவும் வண்டும் பூரானும் ஈரச் சருகுக்கு அடியில்தான் இருக்கும். தரை முழுக்கச் சுத்தமாகப் பெருக்கி, சிமெண்ட் போட்டு, சருகை எரித்துவிடுகிற பூங்காவில் தரையில் மேய்கிற பறவை எதைத் தின்னும்? உங்கள் பூங்காவிலும் ஒரு மூலையை, நடைபாதையை விட்டுத் தள்ளி, பத்துக்குப் பத்து அடி போதும், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் பெருக்காமல் விடச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொன்னால் ஆள் மாறினதும் மறந்துவிடும், ஆறேழு பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். கொசு வரும் என்று ஒரு கேள்வி வரும். கொசு தேங்கின தண்ணீரில்தான் முட்டையிடும், சருகில் இல்லை, தேங்காய்ச் சிரட்டையும் பிளாஸ்டிக் கப்பும் அதில் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பாம்பு என்று ஒரு கேள்வி வரும். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கயிறு கட்டி, யாரும் உள்ளே கால் வைக்க வேண்டாம் என்று ஒரு பலகை வைத்துவிடலாம்.

நாங்கள் கேட்டோம், மூன்றாவது மரத்தடியைக் கொடுத்தார்கள். இந்த வருடம் செப்டம்பர் முடிகிற வாரத்திலிருந்து அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் "வந்துச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி நான் கேட்பதற்கு முன்னால் அவரே வாயில் விரலை வைத்து, துடைப்பத்தால் மரத்தைக் காட்டினார்.